அண்ணாச்சி எடுத்த படம்

போன வாரம் ஒரு படம் பார்த்தேன். மொத்தம் 11 நிமிடம். கறுப்பு வெள்ளை. வசனம் இல்லை, பின்னணி இசை இல்லை, பாட்டு இல்லவே இல்லை. ஒரே ஒரு நடிகர். அவரும் தலையில் துண்டைப் போட்டு மூடியிருக்கிறார். ஏதாவது திரைப்பட விழாவில் போட்டால் நாலு பேர் எழுந்து நின்று கைதட்டக்கூடும்.

கதை எளிமையானது. ஒரு மளிகைக் கடையின் பின்கதவு திறக்கிறது. ஒரு ஆள் வருகிறான். அலமாரியின் மேல் தட்டிலிருந்து சிகரெட் பண்டல்களை எடுத்துச் சாக்கில் போடுகிறான். முன்னால் வந்து கல்லாவைத் திறக்கிறான். பிறகு சுவரோரம் போய்க் கையை உயர்த்துகிறான். திரை இருட்டாகிறது. அவ்வளவுதான். 'வணக்கம்' கார்டுகூடக் கிடையாது.

தயாரிப்பாளர், எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி. பட்ஜெட் முப்பத்தெட்டாயிரம் ரூபாய். எட்டு கேமரா, ஒரு டிவிஆர் பெட்டி, ஒரு பழைய மானிட்டர்.

"நீங்க சினிமாவுக்கெல்லாம் விமர்சனம் எழுதுறவராச்சே... இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார்" என்று செல்போனை நீட்டினார். மானிட்டருக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு எடுத்த வீடியோ. ஓரத்தில் ஊதுபத்திப் புகையும் பதிவாகியிருந்தது.

"என்ன சொல்லணும் அண்ணாச்சி?"

"அது நம்ம பயதானே?"

நம்ம பய என்றால் கடைப் பையன். 19 வயது. எங்கள் வீட்டு மாடிக்கு அரிசி மூட்டையைத் தூக்கிவந்து வைத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவானே, அந்தப் பையன். திருட்டு தெரிந்த அன்று காலையே அண்ணாச்சி அவனுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். போலீஸில் அவன் பெயரைச் சொல்லவில்லையாம். தெருவில் மட்டும் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

"எப்படி அண்ணாச்சி அவன்னு சொல்றீங்க?"

"நடையைப் பாருங்க. அவன் நடைதாம்லா. அன்னைக்கு அவன் போட்டிருந்ததும் வெள்ளைச் சட்டை, இதுலயும் வெள்ளைச் சட்டை. மெயின் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு வெளியாளுக்கு எப்படி சார் தெரியும்? இம்புட்டு செலவு பண்ணியிருக்கேன், கேமரா பொய் சொல்லுமா?"

கேமரா பொய் சொல்லாது. எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது வாயே திறக்காத இடத்தில் நாம் டப்பிங் பேசுகிறோமே, அதுதான் பிரச்னை. இந்தப் படத்தை நம்பி ஒரு பையனின் வேலை போயிருக்கிறது. பேரும் போயிருக்கிறது. எனவே கொஞ்சம் கறாராகவே விமர்சனம் செய்வது என்று முடிவு செய்து, கடைக்கே போய் ஒரிஜினலைப் போடச் சொன்னேன்.

* * *

முதலில் ஒளிப்பதிவு.

அண்ணாச்சி கடை ரயில் பெட்டி மாதிரி. அகலம் 12 அடி, நீளம் 35 அடி. கேமரா பொருத்த வந்தவர் முன்பக்க மூலையில், ஏணியில் எவ்வளவு உயரம் ஏற முடியுமோ அவ்வளவு உயரத்தில் ஒன்றை மாட்டிவிட்டு, "ஃபுல் கவரேஜ் அண்ணாச்சி, ஒரு ஈ தப்பாது" என்று சொல்லியிருக்கிறார். நிஜம்தான். ஈ தப்பாது. எந்த ஈ என்றுதான் சொல்ல முடியாது.

கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், ஐந்தாம் கிளாஸ் வகுத்தல்தான்.

2 மெகாபிக்ஸல் கேமரா என்றால் படத்தின் அகலத்தில் 1,920 புள்ளிகள். தூரம் போகப் போகக் கேமரா பார்க்கும் அகலம் விரிந்துகொண்டே போகும். புள்ளிகள் மட்டும் அதே 1,920தான். கடைகளில் யோசிக்காமல் மாட்டிவிடுகிற 2.8 மில்லிமீட்டர் லென்ஸ், 30 அடி தள்ளிச் சுமார் 75 அடி அகலத்தை ஒரே பார்வையில் பார்க்கும். அண்ணாச்சியின் கடையோ 12 அடி. மிச்சப் புள்ளிகள் எல்லாம் பக்கச் சுவருக்கும் பருப்பு மூட்டைக்கும் தினசரி காலண்டருக்கும் போய்விட்டன. பின்கதவில் நுழைந்தவனின் முகத்துக்கு மிஞ்சியது, அகலத்தில் 13 புள்ளி. பதிமூன்று புள்ளியில் வாசலில் அழகாகக் கோலம் போடலாம். முகம் வரையமுடியாது.

இதற்கு ஒரு சர்வதேசத் தர விதியே இருக்கிறது. ஐ.இ.சி. 62676-4 என்று பெயர், 2014-ல் வந்தது. ஆள் ஒருவர் நடமாடுகிறார் என்று தெரிய, அவர் நிற்கும் இடத்தில் மீட்டருக்கு 25 புள்ளி போதும் என்றது அந்த 2014 பதிப்பு. ஏற்கெனவே நமக்குத் தெரிந்த ஆள்தான் என்று சொல்ல 125. முன்பின் தெரியாதவரைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடையாளம் காட்ட 250. அண்ணாச்சி படத்தில் பின்கதவுப் பக்கம் இருந்தது சுமார் 84. அதாவது, இரண்டு வருஷமாகத் தினமும் பார்த்த பையனையே 'அவன்தான்' என்று சொல்லப் போதாத படம். அண்ணாச்சி கண்ணால் பார்க்கவில்லை, மனசால் பார்த்திருக்கிறார்.

அதே கேமராவில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டிருந்தால், அதே 30 அடியில் 28 அடி அகலம்தான் பார்க்கும். முகத்துக்கு 36 புள்ளி கிடைத்திருக்கும். செலவில் பெரிய வித்தியாசம் கிடையாது. கேட்கத்தான் ஆள் இல்லை. நாம் கேட்பதெல்லாம் "எத்தனை மெகாபிக்ஸல்?" என்ற ஒரே கேள்விதான். ரயில் டிக்கெட் எடுக்கப் போய், எந்த ஊருக்கு என்று சொல்லாமல் "எத்தனை பெட்டி?" என்று கேட்கிற மாதிரி.

கல்லாவுக்குக் கிட்டத்தில் வந்தானே, அங்கே தெரியாதா என்று கேட்பீர்கள். வந்தான். கேமராவுக்கு நேர் கீழே. 11 அடி உயரத்திலிருந்து அவன் உச்சந்தலை மிகத் தெளிவாகத் தெரிந்தது. துண்டில் இருந்த கட்டங்களை எண்ணலாம்.

* * *

அடுத்து ஒளியமைப்பு. வெள்ளைச் சட்டை விவகாரம் இங்கேதான் வருகிறது.

இருட்டில் இந்தக் கேமராக்கள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அடித்துப் படம் எடுக்கின்றன. அந்த ஒளியில் நமக்குத் தெரிந்த வண்ணம் செல்லுபடி ஆகாது. துணியின் சாயம் அந்த ஒளியைத் திருப்பி அனுப்பினால், பகலில் கறுப்பாக இருப்பது ராத்திரிப் படத்தில் வெளுத்துப் போய்த் தெரியும். எல்லாக் கறுப்பும் அல்ல, சில சாயங்கள்.

அண்ணாச்சி நம்பவில்லை. கார்த்திகை மாதம் அல்லவா, எதிர்க்கடை டெய்லர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை. அவரைக் கூப்பிட்டுக் கடைக்குள் நிறுத்தி, ஷட்டரை இறக்கி, விளக்குகளை அணைத்தோம். மானிட்டரில், தும்பைப்பூ என்று சொல்ல முடியாவிட்டாலும், வெளுத்த சாம்பல் நிறத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"சாமி!" என்று அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பகலிலும் ஒரு கூத்து உண்டு. கடை வாசலில் மத்தியான வெயில். உள்ளேயிருந்து வாசலைப் பார்க்கிற கேமராவுக்கு, நுழைகிற எல்லோருமே கரி பூசிய நிழல்கள். இதைச் சமாளிக்க 'டபிள்யூ.டி.ஆர்.' என்று ஒரு வசதி இருக்கிறது. வெளிச்சத்தையும் இருட்டையும் தனித்தனியே எடுத்துச் சேர்ப்பது. வாசலைப் பார்க்கும் கேமராவுக்கு இது அவசியம். பேருக்கு மென்பொருளில் செய்கிற மலிவு டபிள்யூ.டி.ஆரும் இருக்கிறது. வாங்கும் முன் பட்டப்பகலில் உங்கள் வாசலிலேயே ஒரு முறை மாட்டிப் பாருங்கள். ஷோரூம் ஏசியில் எல்லாப் படமும் நன்றாகத்தான் இருக்கும்.

* * *

எடிட்டிங். இது படு மோசம்.

ஒரு 2 மெகாபிக்ஸல் கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் எழுதினால், ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. எட்டு கேமராவுக்குச் சுமார் 173 ஜிபி. அண்ணாச்சியின் பெட்டியில் இருப்பது 1 டிபி டிஸ்க். ஆறாவது நாள் முடிவதற்குள் நிரம்பி, பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். நாங்கள் உட்கார்ந்தது திருட்டு நடந்த ஐந்தாம் நாள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் மிஞ்சியிருப்பது ஊதுபத்திப் புகையோடு எடுத்த செல்போன் வீடியோதான். அவசரமாக ஒரு பென்டிரைவ் வாங்கிவரச் சொல்லிக் காப்பி எடுத்தோம்.

"அண்ணாச்சி, சரக்குக் கணக்கு எப்ப எடுப்பீங்க?"

"மாசக் கடைசியில."

சரக்கு குறைந்திருப்பது மாதக் கடைசியில்தான் தெரியும். கேமராவின் ஞாபகமோ ஆறு நாள். அப்புறம் எதற்கு கேமரா? ஒரு சின்னக் கடைக்காரர் டிஸ்க் வாங்கும்போது நினைவில் வைக்க வேண்டிய விதி இது ஒன்றுதான்: நீங்கள் எத்தனை நாளுக்கு ஒரு முறை இருப்புப் பார்க்கிறீர்களோ, அதைவிடச் சில நாள் கூடவே கேமராவுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். நாலு கேமரா போதும் என்றால் அதே டிஸ்க் பதினோரு நாள் தாங்கும். ஹெச்.265 என்ற சுருக்கும் முறை இருந்தால் ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு. பாருங்கள், கேமராவைக் குறைத்தாலே நாள் கூடுகிறது.

அடுத்த கோளாறு, கதை நடக்கும் காலம். படத்தின் மூலையில் தேதி இருக்கிறது: 2000, ஜனவரி 4. அண்ணாச்சி கடை திறந்ததே 2009-ல். பெட்டிக்குள் இருக்கிற பொத்தான் பேட்டரி செத்துப்போனால், கரன்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் முதல் தேதிக்குத் திரும்பிவிடும்.

சிரிக்காதீர்கள். இதில்தான் பையனின் கழுத்து மாட்டியிருக்கிறது. அன்று ராத்திரி ஒரு மணி வரைக்கும் நண்பனின் அக்கா கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்ததாக அவன் சொல்லியிருக்கிறான். மண்டபத்து வீடியோக்காரரைக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் திருட்டு நடந்தது பன்னிரண்டு மணிக்கா, நாலு மணிக்கா? அதைச் சொல்ல வேண்டிய ஒரே சாட்சிக்குத் தேதியே தெரியவில்லை. கடைசியில் மெயினை அணைத்ததும் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிட்டதால், கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஒரு சின்ன பேட்டரி.

க்ளைமாக்ஸைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. மெயின் போனதும் படமும் போய்விட்டது. டிவிஆருக்கும் கேமராக்களுக்கும் ஒரு சின்ன யூ.பி.எஸ். இருந்திருந்தால் அவன் எந்தப் பக்கம் வெளியே போனான் என்றாவது தெரிந்திருக்கும். மெயின் ஸ்விட்ச் இருக்குமிடம் வெளியாளுக்கு எப்படித் தெரியும் என்கிறார் அண்ணாச்சி. கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில், மஞ்சள் குங்குமம் வைத்து, அது பாட்டுக்கு இருக்கிறது. நானே பத்து வருஷமாகப் பார்க்கிறேன். அந்த லாஜிக்படி நானும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறேன்.

* * *

சின்னக் கடையை மட்டும் கிண்டல் செய்வது நியாயமில்லை. 2019 அக்டோபர் 2-ம் தேதி அதிகாலை, திருச்சியில் ஒரு பெரிய நகைக்கடையின் பின்சுவரில் ஓட்டை போட்டு நுழைந்தார்கள். சுமார் 13 கோடி ரூபாய் நகை. கேமராக்கள் தம் கடமையை ஒழுங்காகச் செய்தன. படம் தெளிவாக இருந்தது. அதில் தெரிந்தவை இரண்டு பொம்மை முகமூடிகள்! கடைசியில் முதல் ஆளைப் பிடித்தது கேமரா அல்ல. மறுநாள் ராத்திரி திருவாரூரில் ரோட்டில் நின்று வண்டிகளைச் சோதனை போட்டுக்கொண்டிருந்த போலீஸ்காரர்கள்.

அதற்காகக் கேமராவே தண்டம் என்று நான் சொல்லவரவில்லை. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் காலை நேரத்தில் வெட்டிக் கொல்லப்பட்டபோது, நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. பக்கத்துத் தெருவில் தனியார் வைத்திருந்த கேமராக்களைத்தான் போலீஸ் தேடிப் போக வேண்டியிருந்தது. சென்னைப் போலீஸ் 2017-லிருந்து 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்து, கடைக்காரர்களையும் குடியிருப்புகளையும் ரோட்டைப் பார்த்துக் கேமரா வைக்கச் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது.

ஒரு சின்னக் கடையின் கேமரா எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு சாத்தான்குளம் சாட்சி. 2020 ஜூன் 19. செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு, சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். கடை வாசலில் அவர்கள் தகராறு செய்து தரையில் புரண்டதால் காயம் என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. அக்கம்பக்கத்துக் கடைக் கேமராவில் அப்படி எந்தக் காட்சியும் இல்லை. யாரோ ஒரு வியாபாரி தன் கல்லாவுக்காக வைத்த கேமரா, அரசாங்கக் காகிதத்தை மறுத்துப் பேசியது.

சரி, காவல் நிலையத்துக் கேமரா? அங்கேயும் இருந்தது. 1 டிபி டிஸ்க், தாராளமான இடம். ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழிந்துபோகும்படி 'செட்டிங்' செய்யப்பட்டிருந்ததாக, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். அதே வருஷம் டிசம்பர் 2-ம் தேதி, வேறொரு வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அந்த வசதி கிடைக்காவிட்டால் குறைந்தது ஒரு வருஷமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேமரா வை என்பதோடு நிற்கவில்லை; எத்தனை நாள் ஞாபகம் என்றும் சொன்னது. நம் ஊர்க் கடைகளில் யாரும் கேட்காத கேள்வி அது.

* * *

இப்போது உங்களுக்கு. நாளைக்கு நீங்கள் ஒரு மருந்துக் கடையோ ஜெராக்ஸ் கடையோ வைத்து, கேமரா விற்பவர் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது?

விலைப்பட்டியலைப் பார்க்கும் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கடையின் படத்தை வரையுங்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். வாசல்: 'வந்து போகிறவர் யார்?' இதற்கு முகம் வேண்டும். கேமரா ஆறேழு அடி உயரத்தில், வெளியே போகிறவரின் முகம் பார்க்கிற மாதிரி, அல்லது நுழைகிறவரைப் பார்த்து டபிள்யூ.டி.ஆரோடு. கல்லா: 'எந்த நோட்டு கை மாறியது?' இதற்கு முகம் வேண்டாம், கை வேண்டும். நேர் மேலேயிருந்து மேஜையை நோக்கி. 'ஐந்நூறு ரூபா குடுத்தேனே' என்ற சண்டை அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். பின்கதவு, கிடங்கு: 'யார், எப்போது?' நீளமான இடமென்றால் 6 மில்லிமீட்டர். நாலாவது, வெளியே ஷட்டரையும் ரோட்டையும் பார்த்து. சின்னக் கடைக்குப் பெரும்பாலும் இந்த நாலே போதும். நாலு நல்ல கேள்வி, எட்டு 'ஃபுல் கவரேஜை' விட மேல்.

முடிந்தவரை ஒயர் இழுத்த கேமராவே போடுங்கள். வைஃபை கேமரா வீட்டுக்குச் சரி. கடையில் நெட் போகிற நேரத்தில்தான் திருடனும் வருவான். டிவிஆர் பெட்டியைக் கல்லாவுக்கு அடியில் வைக்காதீர்கள். திருடன் பணத்தோடு படத்தையும் எடுத்துக்கொண்டு போவான். பரண்மேல், பூட்டு போட்ட கூண்டில் வையுங்கள். காற்று மட்டும் போகட்டும்.

பொருத்த வந்தவர் போவதற்கு முன்னால் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். அவர் போனில் 'டெஸ்ட்டிங்குக்காக' போட்ட இணைப்பையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். 2016 அக்டோபரில் ட்விட்டர் உள்பட பல பெரிய இணையதளங்கள் சில மணி நேரம் திறக்க முடியாமல் போயின. உலகமெங்கும் பாஸ்வேர்டு மாற்றாமல் கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் 'மிராய்' என்ற புரோகிராம் பிடித்து, அடியாள் படையாக ஏவிவிட்டதுதான் காரணம். அது தூரத்துக் கதை என்றால், 2025 பிப்ரவரியில் குஜராத் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. நினைத்துப் பாருங்கள். பாதுகாப்புக்கு என்று வைத்த கேமரா. 2025 ஏப்ரல் 9 முதல், இந்தியாவில் தயாரிக்கிற, இறக்குமதி செய்கிற சிசிடிவி கேமராக்கள் இந்த மாதிரி ஓட்டைகளுக்கான சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. அந்தச் சான்று பெற்ற மாடலா என்று கேட்டு வாங்குங்கள். கேட்டதும் விற்பவர் முகம் மாறினால், வேறு கடை பாருங்கள்.

கடைசியாக, கோர்ட். மானிட்டரை செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவை நீதிமன்றத்தில் நம்ப வைப்பது கஷ்டம். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 63-ம் பிரிவில், மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. ஒரு பகுதியில் கருவி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் கையெழுத்து, இன்னொன்றில் நிபுணர் கையெழுத்து. ஆகவே ஒரிஜினலை அழியவிடாமல் உடனே காப்பி எடுக்கவும், பெட்டியை அப்படியே ஒப்படைக்கவும் தெரிந்து வைத்திருங்கள். பென்டிரைவில் எப்படி எடுப்பது என்று முதல் நாளே பொருத்துகிறவரிடம் கேட்டு, நீங்களே ஒரு முறை செய்து பாருங்கள். திருட்டுக் கொடுத்த காலையில் கை நடுங்கும்.

* * *

விமர்சனத்தில் ஒன்று பாக்கி. அண்ணாச்சியின் எட்டு கேமராக்களில் மூன்று, திருடன் வரக்கூடிய எந்த வழியையும் பார்க்கவில்லை. உள்ளே பருப்பும் மிளகாயும் பொட்டலம் போடுகிற இரண்டு பெண்களைப் பார்க்கின்றன. அண்ணாச்சி போனில் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது அந்த மூன்றைத்தான். மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, "ஏம்மா உக்காந்திருக்க, ஆள் வந்து நிக்குதுலா" என்று போன் போடுவார். நானே கேட்டிருக்கிறேன்.

2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை போட்டுக் கொடுக்க வேண்டும், வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புத் தர வேண்டும் என்று. நாள் முழுக்க நின்றால் கால் என்ன ஆகும் என்று, 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் ஸ்டூல் போட்டுக் கொடுக்கிறது. கேமரா அதிலிருந்து எழுப்பிவிடுகிறது.

திருடனுக்கு என்று காசு போட்டு வாங்கி, பாதியை வேலை செய்கிறவர்கள் பக்கம் திருப்பி வைத்தால், அதில் தெரிகிற ஒவ்வொரு நிழலும் அவர்கள் சாயலில்தான் தெரியும். பையன் விஷயத்தில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஸ்டூல் என்றதும்தான் எனக்கு உறைத்தது.

"அண்ணாச்சி, அந்த சிகரெட் எடுக்கிற இடத்தை மறுபடி போடுங்க."

போட்டார். ஆள் அலமாரி முன்னால் நிற்கிறான். கையை உயர்த்துகிறான். மேல் தட்டிலிருந்து பண்டலை இறக்குகிறான். சுலபமாக, எம்பாமல்.

"அந்தத் தட்டுலேருந்து பையன் எப்படி எடுப்பான்?"

"ஸ்டூல் போட்டு ஏறித்தான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். திரையையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து நாளாக அவர் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பாரோ!

உடனே போன் போட்டார், அதையும் சொல்ல வேண்டும். பையனின் அம்மாதான் எடுத்தார். அவன் திருப்பூருக்குப் போய்விட்டானாம். "சரிங்க" என்றதற்கு மேல் அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. அண்ணாச்சியும் ரொம்ப நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

படத்துக்கு மார்க் போட வேண்டுமே. ஒளிப்பதிவு, எடிட்டிங், காலக் குளறுபடி எல்லாவற்றையும் கழித்து, நூற்றுக்கு முப்பது. அந்த முப்பதும் அலமாரிக்குத்தான். நீங்கள் கடை வைத்திருந்தால், திருட்டு நடக்கும் வரைக்கும் காத்திருக்காமல், இன்று ராத்திரி ஷட்டரை இறக்கும் முன் பத்து நாளைக்கு முந்தைய பதிவு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இருக்கிறதா, தேதி சரியா, முகம் தெரிகிறதா?

நேற்று பால் வாங்கப் போனேன். பின்கதவுக்குப் புது லென்ஸ் வந்துவிட்டது. உள்ளே பார்த்த மூன்றில் இரண்டைக் கழற்றிவிட்டார். மூன்றாவது அப்படியே இருக்கிறது. அதன் எதிரே புதுப் பையன் ஒருவன், பக்கத்தில் ஸ்டூல் இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தான்.